கல் மாதிரி இருந்த க்ளவுஸ்

"மெத்துனு இருந்தாதானேம்மா கைக்கு நல்லது? இது கல்லு மாதிரி கீது. இது எப்படி நல்ல க்ளவுஸ் ஆவும்?"

மந்தைவெளி மார்க்கெட் தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மகள் ரூஹியும் நானும் ப்ளஸ் டூ பரீட்சை முடித்த கையோடு பாக்ஸிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தோம். க்ளவுஸுக்கு உள்ளே கையில் துணி சுற்றவே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன். சிரித்து வைத்தேன். அவரும் சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

இது அவருடைய கதை. அவரும் ரூஹியும் பின்னால் சொன்னதை வைத்து, நான் குறுக்கே வராமல் சொல்லப் பார்க்கிறேன்.

பீர் முஹம்மதுவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ரயில் ஸ்டேஷனில் இறங்கி மார்க்கெட் பக்கம் திரும்பினால், ஜெராக்ஸ் கடைக்கும் வளர்ப்பு மீன் கடைக்கும் நடுவே, புருவமெல்லாம் பஞ்சு படிந்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான். கடையில் வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. கல்யாணக் காலத்தில் மெத்தை, மற்ற நாளில் தலையணை, சோபாத் திண்டு, பிள்ளை பிறந்த வீட்டுக்குக் குட்டி மெத்தை என்று வந்துகொண்டே இருக்கும். போடியிலிருந்து இலவம்பஞ்சு மூட்டை வந்து இறங்கியதும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்குவார். விரல் சத்தமில்லாமல் உள்ளே போக வேண்டும். போனால் நல்ல சரக்கு. போகாவிட்டால் மூட்டையைத் திருப்பி ஏற்றச் சொல்லிவிடுவார்.

இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. பன் வாங்கினால் அமுக்குவார். பஸ்ஸில் ஏறினால் சீட்டை அமுக்கிப் பார்த்துத்தான் உட்காருவார். "மானத்த வாங்காதீங்க, பக்கத்துல பொம்பள உக்காந்துகினு கீறாங்க" என்று சகினா தலையில் அடித்துக்கொள்வாள். சகினா அவர் மனைவி.

அவருக்குக் கர்வம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கட்டைவிரல்தான். மயிலாப்பூரிலிருந்து வரும் விஜயலக்ஷ்மி மாமி ஒருநாள் கடைவாசலில் நின்று, "பீர், நீ தெச்ச தலகாணிக்கு ஆத்துல தெனம் சண்டை. எங்காத்துக்காரர் காலங்கார்த்தால எழுந்துக்கவே மாட்டேங்கறார். நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ரூஹி வந்து, "அத்தா, நான் பாக்ஸிங் கத்துக்கப் போறேன்" என்றாள்.

"மெத்தைக்காரர் பொண்ணு மூஞ்சில குத்தப் போவுதாம்" என்றாள் சகினா. "குத்து வாங்கினவன் படுக்க நீங்க மெத்தை போட்டுக் குடுங்க. யாவாரம் நல்லா ஆவும்."

ரூஹி சிரிக்கவில்லை. அவளுக்கு மார்க் சுமாராகத்தான் வரும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பட்டினப்பாக்கம் மைதானத்து ஷெட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கும் சரண்யா, ரூஹியின் கை வேகத்தைப் பார்த்துவிட்டு ஒன்று சொல்லியிருந்தாள். கோடை முடிவில் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைக்க வழி உண்டு. மாவட்டத்தில் ரூஹியின் எடைப் பிரிவில் போட்டியும் குறைவு. பள்ளிக்கூடத்தில் எதிலும் முன்வரிசைக்கு வராத பெண் அவள். இதில் வரலாம் என்று முதல்தடவையாக ஒருத்தர் சொல்லியிருந்தார்.

பீர் முஹம்மது மகள் முகத்தைப் பார்த்தார். "க்ளவுஸ் எங்க விப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் அறிவு என்ற இளைஞன் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தான். சரண்யா அங்கேதான் போகச் சொல்லியிருந்தாள். அறிவு இரண்டு ஜோடிகளை மேஜைமேல் வைத்தான். ஒன்று பளபளவென்ற சிவப்பு. இன்னொன்று அலங்காரம் ஏதும் இல்லாத கறுப்பு.

பீர் முஹம்மதுவின் கட்டைவிரல் தானாகப் போனது. சிவப்பில் விரல் சுகமாக உள்ளே இறங்கியது. கறுப்பில் பாதியில் நின்றுவிட்டது.

"இது" என்று சிவப்பைத் தள்ளி வைத்தார்.

"பாய், அது ஷோவுக்கு" என்றான் அறிவு. "பர்த்டே கிஃப்டுக்கு வாங்கிட்டுப் போவாங்க. கொஞ்ச நாள் மணல் பையில குத்துனா உள்ள இருக்கிற ஸ்பாஞ்சு அப்பளமாயிடும். இத அமுக்குங்க. கஷ்டப்பட்டுத்தான் உள்ள போவும், விட்டதும் திருப்பித் தள்ளும். தள்ளுதா? உள்ள அடுக்கடுக்கா ஃபோம் இருக்கு. அடி வாங்குறது அதுதான் பாய், கை இல்ல."

"கை வலிக்காதா?"

"புதுசுல கொஞ்சம் இருக்கும். பழகப் பழக கை வடிவத்துக்கு வந்துடும்."

பிறகு அவன் ரூஹியிடம் திரும்பினான். "வெறுங்கையில போட்டுப் பாக்காதம்மா. துணி சுத்திக்கினு போடு. வெறுங்கைக்குச் சரியா இருந்தா, நாளைக்கு துணியோட நுழையாது." ரூஹி துணி சுற்றி, கறுப்புக் கையுறைக்குள் கையை விட்டாள். விரல் நுனி முனையை லேசாகத் தொட்டது. விரல்களை மடக்கினால் முஷ்டி தானாக இறுகியது. அறிவு மணிக்கட்டுப் பட்டையை இழுத்து ஒட்டி, அவள் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான். "மணிக்கட்டு ஆடுதா? ஆடல. கட்டைவிரல் பாரு, தனியா விலகிப் போவாம தெச்சிருக்கான். இதான் உனக்கு."

"இதான் அத்தா" என்றாள் ரூஹி. அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அவர் சிவப்பைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது பையைத் திறந்து கறுப்பை மறுபடி அமுக்கினார். விரல் பாதியில் நின்றது. விற்கிறவன் பேச்சு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தேங்கிப்போன சரக்குக்கு அவரும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லித்தானே விற்றிருக்கிறார்.

அந்த வாரம் ரூஹி வலது கையைத் தட்டுக்குக் கீழே மறைத்துக்கொண்டு ஸ்பூனால் சாப்பிட்டாள்.

"கைய காட்டு."

"ஒண்ணுமில்ல அத்தா."

"காட்டும்மா."

விரல் முட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன. "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு சரண்யா அக்கா சொன்னாங்க. துணிய சரியா சுத்தல நான். சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பீர் முஹம்மது தட்டைத் தள்ளி வைத்தார். இந்த ஊரில் எத்தனையோ பேர் உடம்பு நோகாமல் படுக்க அவர் தைத்துத் தருகிறார். சொந்த மகள் கையில் ஒரு கல்லை மாட்டிக்கொண்டு அலைகிறாள்.

ஒரு பகலில் தாயும் மகளும் ராயப்பேட்டையில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அவர் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். கறுப்புக் கையுறைகளை மடியில் வைத்து, மணிக்கட்டு ஓரத்துத் தையலைப் பிரித்தார். உள் துணியை வெளியே இழுத்தார். முட்டி வரும் இடத்தில் கெட்டியான ஃபோம், செங்கல் அடுக்கின மாதிரி இருந்தது. "இதுதான் புள்ள கைய கடிக்குது" என்று வாய்விட்டே சொன்னார். அதை உருவிக் குப்பைக் கூடையில் போட்டார். இருந்த பஞ்சிலேயே உயர்ந்த பஞ்சை எடுத்து, தூசு தட்டி, கைக்குக் கனம் குறையாதபடி இறுக்கி அடைத்தார். பிறகு தைத்தார். புதுத் தையல் எங்கே என்று தேடினால் அவர் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. கட்டைவிரலை வைத்து அமுக்கினார். சுகமாக உள்ளே போனது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரூஹி கோபித்துக்கொள்வாள் என்று தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

மறுநாள் ரூஹி குதித்துக்கொண்டு வந்தாள். "அத்தா, அறிவு அண்ணன் சொன்னாருல்ல, பழகிடும்னு! பழகிடுச்சு. இப்ப வலியே இல்ல!"

"அப்படியா?" என்றார் அவர். அன்றைக்கு முழுக்க அவர் தைத்த தையலெல்லாம் பாட்டுப் பாடியது.

பிறகு ஒரு காலையில் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் மைதானத்துக்குப் போனார். கடல் காற்று ஷெட்டுக்குள் புகுந்து சுழன்றுகொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் தொங்கவிட்ட மணல் பையில் குத்தினால் 'டப்' என்று சத்தம் வந்தது. ரூஹி குத்தினால் 'தொப்' என்று வந்தது.

"இன்னாடி ரூஹி, தலகாணி சண்டையா போடுற?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "உன் மூஞ்சிய காட்டு, தலகாணியா இல்லையான்னு சொல்றேன்" என்றாள் ரூஹி. சரண்யா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "சத்தம் வரலையே. தோள்ல இருந்து குத்து, முழங்கையில இருந்து குத்தாத" என்று திருத்தினாள். ரூஹி தோளிலிருந்து இன்னும் பலமாகக் குத்தினாள். பீர் முஹம்மது டீயை ஊற்றிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தார்.

ஆனால் அவர் பஞ்சுக்காரர். வியர்வை பட்ட இலவம்பஞ்சு என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். தலையணையை வெயிலில் போடுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் ஓயாமல் சொல்கிறவர் அவர்தானே. ஒருநாள் கொடியில் தொங்கிய கையுறையைத் தொட்டுப் பார்த்தார். முட்டி வரும் இடம் பள்ளமாக இருந்தது. பஞ்சு இரண்டு பக்கமும் உருண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் பிரித்து, புதுப் பஞ்சு அடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். கையுறை வீட்டில் தங்கினால்தானே பிரிப்பதற்கு? மாவட்ட அணித் தேர்வு நெருங்கிவிட்டது. ரூஹி காலையும் மாலையும் மைதானத்தில் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் சரண்யாவிடமிருந்து போன் வந்தது.

"பாய், பயப்படாதீங்க. ரூஹிக்குக் கையில அடி. பையில குத்துனா, அப்படியே உக்காந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறோம், நீங்க நேரா வந்துடுங்க."

மைதானத்துப் பையில் அடிப்பக்கம் மணல் இறங்கிக் கெட்டித்துப் போயிருக்கும். அந்த இடத்தில் முழு பலத்தோடு விழுந்த குத்து அது. முட்டிக்கும் மணலுக்கும் நடுவில் ரெக்ஸின் தோலும் ஒரு சுற்றுத் துணியும்தான் இருந்திருக்கின்றன.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், எலும்பு உடைந்ததோடு விரல் முட்டியின் மூட்டும் நொறுங்கியிருக்கிறது என்றார். கம்பி வைத்தார்கள். கட்டுப் போட்டார்கள்.

"டாக்டர், செலக்‌ஷனுக்குள்ள சரியாயிடுமா?" என்று கேட்டாள் ரூஹி.

"செலக்‌ஷனை விடும்மா. எழுதலாம், சமைக்கலாம், வண்டி ஓட்டலாம். அந்தக் கையால குத்தறது மட்டும் இனிமே வேண்டாம்."

"மட்டும்" என்று ரூஹி திருப்பிச் சொன்னாள். பீர் முஹம்மது அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவளைத் தொடக் கை வரவில்லை.

சரண்யாவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கையுறையை அமுக்கிப் பார்த்தவள், உள்ளே ஒன்றுமே இல்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினாள். அந்தக் கடையில் யாரும் வாங்க வேண்டாம் என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அது எங்கெங்கோ போனது. சகினா போனைக் காட்டி, "அவன் நல்லா இருப்பானா? பச்சப் புள்ள கைய ஒடச்சிட்டானே" என்று அழுதாள். பீர் முஹம்மது வாயைத் திறக்கவில்லை. சில நாள் இப்படியே போனது. உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் மகள் கைக்கட்டைப் பார்த்ததும் வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது.

கடைசியில் சரண்யா, "வாங்க பாய், நேர்ல போய்க் கேட்டுடுவோம்" என்று அவரையும் ரூஹியையும் கூட்டிக்கொண்டு தியாகராய நகருக்குப் போனாள்.

அறிவு சத்தியம் செய்தான். சரண்யா கத்தினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "நான் விக்கிறது எல்லாம் இதே சரக்குதாங்க. இப்பவே பிரிச்சுக் காட்டுறேன்" என்று அவன் பிளேடை எடுத்துக் கையுறையைக் கீறினான். உள்ளேயிருந்து பழுப்பேறிய பஞ்சு உருண்டு மேஜையில் விழுந்தது.

அறிவுக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ... கம்பெனிக்காரன் என்னை ஏமாத்திட்டானா? எத்தனை பேருக்கு வித்துட்டேன்..."

"பாத்தியா? பஞ்ச அடைச்சு வித்துக்கினு, நல்லவன் மாதிரி நிக்கிற!" என்றாள் சரண்யா.

ரூஹி இடது கையால் அந்தப் பஞ்சை ஒரு சிட்டிகை எடுத்தாள். விரலில் தேய்த்துப் பார்த்தாள். பஞ்சு மூட்டைகள்மேல் ஏறி விளையாடி வளர்ந்த பெண். பிறகு மணிக்கட்டு ஓரத்துத் தையலை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அத்தாவின் கைத்தையல் கொஞ்சம் சாய்ந்து விழும். கையுறையைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்துவிட்டு அவள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"அது என் பஞ்சு தம்பி" என்றார் பீர் முஹம்மது.

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"கடைமேல தப்பு இல்ல. நான்தான் பிரிச்சேன். கெட்டியா இருந்துச்சு... புள்ளைக்கு வலிக்குதேன்னு..."

"இன்னா பாய் இது" என்றாள் சரண்யா. "இன்னா பாய் இப்படிப் பண்ணிட்டீங்க?"

அறிவு ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை. "அன்னைக்கே சொன்னேனே பாய். அடி வாங்குறது அதுதான், கை இல்லன்னு."

"சொன்னே. விக்கிறதுக்காகச் சொல்றேன்னு நெனச்சேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரூஹி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நந்தனம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"வலிச்சுது அத்தா. இல்லன்னு சொல்லல. ஆனா அது என் வலி. தெனம் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுகினு வந்துச்சு. கொறையறது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவள் கத்தியிருந்தால் அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். அவள் கத்தவே இல்லை.

அடுத்த ஞாயிறு பெற்றோர்கள் எல்லோரையும் மைதானத்துக்கு வரவழைக்கச் சொல்லி சரண்யாவிடம் அவரே கேட்டுக்கொண்டார். எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னார். அறிவுமேல் ஒரு குற்றமும் இல்லை, அவனைப் பற்றி எங்கெல்லாம் அனுப்பினீர்களோ அங்கெல்லாம் இதையும் அனுப்புங்கள் என்றார். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு தாய், "மெத்தைக்காரன்னா மெத்தையோட நிக்கணும் பாய். தெரியாத வேலைல எதுக்குக் கைய வெச்சீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார் அவர். இன்னும் ஏதோ சொல்ல வந்த அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ரூஹி அன்றைக்கு வரவில்லை.

மாவட்டத் தேர்வு நாளன்று மற்ற பிள்ளைகளோடு ரூஹியும் போனாள். மேலே பார்வையாளர் படியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தொடையைத் தட்டித் தட்டி உற்சாகப்படுத்தினாள். அவள் எடைப் பிரிவில் ஜெயித்த பெண்ணை ரூஹி பயிற்சியில் பலதடவை சுலபமாக அடித்திருக்கிறாள். பீர் முஹம்மது கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். உள்ளே கைதட்டல் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே வரவில்லை.

ரூஹி இப்போது பி.காம். படிக்கிறாள். அவள் நினைத்த கல்லூரி இல்லை, வேறொன்று. நிறைய எழுதினால் விரல்கள் மரத்துப்போகின்றன. அத்தாவோடு பேசாமலெல்லாம் இல்லை. டீ போட்டுத் தருகிறாள், கிண்டல் செய்கிறாள், பண்டிகைக்குத் துணியெடுக்கக் கூடவே போகிறாள். ஆனால் எங்காவது வலித்தால் அம்மாவிடம் சொல்கிறாள். அவரிடம் சொல்வதில்லை. தலைவலியைக்கூடச் சொல்வதில்லை. அவர் இருக்கும்போது வலித்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். அவர் அதைக் கவனிக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

இதை எழுதலாமா என்று நான் போய்க் கேட்டேன். "எழுதும்மா. பேர மாத்தாத" என்றார்.

பிள்ளைகளுக்கு முதல் க்ளவுஸ் வாங்கப் போகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களை இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.